திராட்சை ஜெல்லியில் கறி உருண்டை: திட்டுகிறவர்கள் படித்துவிட்டுத் திட்டவும்

ஸ்லோ குக்கரில், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் கரண்ட் பாத்திரத்தில், கறி உருண்டை கொதித்துக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டதுதான் போட்டேன், "கறியில ஜெல்லியா, கருமம்" என்று பாதிப் பேர். "ஸ்லோ குக்கரா, அது சோம்பேறிங்க வாங்குற சாமான்" என்று மீதிப் பேர். முதல் கூட்டத்தோடு எனக்குச் சண்டையே இல்லை, ஒரு வாய் ஊட்டிவிட்டால் சரியாகிவிடுவார்கள். இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பண்டம் என்னவென்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் பார்ட்டி என்றால் மேசையின் ஓரத்தில் ஒரு ஸ்லோ குக்கர் சுடச்சுட இருக்கும், உள்ளே குட்டிக் குட்டிக் கறி உருண்டை, பக்கத்தில் பல்குச்சி. திராட்சை ஜெல்லி, சில்லி சாஸ், உருண்டை, அவ்வளவுதான். மசாலா அரைப்பதும் கிடையாது, தாளிப்பதும் கிடையாது. அங்கே பலரும் உருண்டையைக்கூடப் பாக்கெட்டில் உறையவைத்ததாக வாங்கிக் கொட்டிவிடுவார்கள். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் நாத்தனார் போனில் இதைச் சொன்னபோது என் மாமியார் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப சமைக்கிறது யாரு?"

இனிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியன் வீடுகளில் சாப்பிட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். ரயில்வே வேலையோடு இங்கே வேர் பிடித்த குடும்பங்கள் அவை. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மஞ்சள் சாதம், கைமா உருண்டைக் குழம்பு, ஓரத்தில் டெவில் சட்னி. அந்தச் சட்னியில் என்ன இருக்கிறது? பச்சை வெங்காயம், உலர்ந்த திராட்சை, மிளகாய், வினிகர், சர்க்கரை. கறி உருண்டையும் திராட்சையும் புளிப்பும் காரமும் ஒரே தட்டில்தானே இருக்கின்றன? அமெரிக்கக்காரர் அதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். வத்தக்குழம்பில் கடைசியாக ஒரு துண்டு வெல்லம் போடுகிற நாம், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்தரிக்காயில் இனிப்பு தட்டினால் "ஆஹா" என்கிற நாம், கறி என்றதும் மட்டும் ஏன் ஒழுக்கசீலர்கள் ஆகிவிடுகிறோம்?

ஆனால் அமெரிக்கச் செய்முறையை அப்படியே காப்பியடித்தால் இங்கே உருப்படாது. முக்கியமாக அந்த சில்லி சாஸ். அங்கே அந்தப் பெயரில் விற்பது தக்காளியும் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த, காரம் அதிகம் இல்லாத ஒரு சமாச்சாரம். நம்மூர் சைனீஸ் கடை மேசையில் இருக்கும் சிவப்பு சில்லி சாஸை அதே அளவுக்கு ஊற்றினால் யாரும் இரண்டாவது உருண்டையைத் தொடமாட்டார்கள். தக்காளி கெச்சப் 300 கிராம், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, துருவிய வெங்காயம், நசுக்கிய பூண்டு. இதைக் கலக்கினால் ஏறக்குறைய அந்தச் சுவை வந்துவிடும். காரம் வேண்டுமென்றால் இன்னும் அரைக்கரண்டி மிளகாய்த்தூள், நம் நாக்கு அதைக் கேட்கத்தான் செய்யும்.

ஜெல்லிக்கு இருநூற்றைம்பது கிராம் போதும். அங்கே அது கான்கார்டு என்கிற கருநீலத் திராட்சையில் செய்வது, சாற்றை வடிகட்டிக் காய்ச்சுவார்கள், சக்கை இருக்காது. இங்கே கடையில் கிடைக்கும் திராட்சை ஜாம் தாராளமாகப் போதும். மிக்ஸட் ஃப்ரூட் ஜாம் வேண்டாம், அன்னாசி வாசனை கறியோடு ஒட்டவே ஒட்டாது. நான் செய்வது வேறு: கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பழம்தான். அரைக் கிலோவைத் துளி தண்ணீரில் வேகவிட்டு, மசித்து, சல்லடையில் வடித்து, கால் கிலோ சர்க்கரையும் ஒரு எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சுகிறேன். ஜெல்லி மாதிரி அசையாமல் நிற்க வேண்டிய அவசியமே இல்லை, எப்படியும் சாஸில் கரையப்போகிறது. கொட்டையும் தோலும் சல்லடையில் நின்றுவிடும், அந்தத் தோலின் லேசான துவர்ப்பு மட்டும் சாற்றோடு இறங்கிவரும். இதன் கருஞ்சிவப்பு கடை ஜாமில் வராது.

கறிக்கு என் ஓட்டு மாட்டுக்கறி. அமெரிக்காவிலும் பெரும்பாலும் அதுதான். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு நல்ல பீஃப் எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கடையில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "பாய், கண்ணெதிர்ல கைமா போடுங்க, கொழுப்பை மொத்தமா எடுத்துடாதீங்க." ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால்தான் உருண்டை மென்மையாக இருக்கும், இல்லாவிட்டால் கோலிக்குண்டு. மட்டன் கைமாவிலும் செய்யலாம். அந்த இனிப்புச் சாஸில் ஆட்டுக்கறியின் வாசனை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், பூண்டை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

கோலா உருண்டைக்குப் போடுகிற மாதிரிப் பொட்டுக்கடலை மாவு போடலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். பொரிப்பதற்கு அது சரி. மணிக்கணக்காகச் சாஸில் ஊறப்போகிற உருண்டைக்கு ரொட்டிதான். நாலு ஸ்லைஸை ஓரம் கிள்ளிப் போட்டுப் பாலில் நனைத்துக் கூழாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ கைமாவுக்கு அந்தக் கூழ், ஒரு முட்டை, துருவிய வெங்காயம், மிளகு, உப்பு. சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையாதீர்கள், விரல் நுனியால் கலந்தால் போதும். 25 கிராம் அளவுக்கு உருட்டினால் பெரிய நெல்லிக்காய் சைஸில் நாற்பதுக்கு மேல் வரும். கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டால் ஒட்டாது.

அடுத்தது எல்லோரும் தாண்டிக் குதித்துவிடும் இடம். தோசைக்கல்லையோ இரும்புச் சட்டியையோ நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, உருண்டைகளை இடம் விட்டு வைத்துத் திருப்பித் திருப்பிச் சிவக்கவிடுங்கள். உள்ளே வேக வேண்டாம், வெளியே செம்பழுப்பு ஏறினால் போதும். ஸ்லோ குக்கர் எவ்வளவு நேரம் ஓடினாலும் உள்ளே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. வறுத்த கறியின் மணம் அதற்கு வெகு மேலே, காய்ந்த பரப்பில்தான் பிறக்கும். குக்கர் வேகவைக்கும், பதமாக்கும், சாஸை உள்ளே இறக்கும். வறுக்காது. சட்டியில் ஒட்டிய அந்தப் பழுப்பையும் விட்டுவிடாமல் இரண்டு கரண்டி சாஸ் ஊற்றிச் சுரண்டிக் குக்கரில் சேர்த்துவிடுங்கள். பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது.

பிறகு தண்ணீர். ஊற்றவே கூடாது. பிரஷர் குக்கர் பழக்கத்தில் கை தானாக டம்ளரைத் தேடும். ஸ்லோ குக்கரின் மூடியில் ஆவி நீராகி உள்ளேயேதான் சொட்டும், வற்றுவதற்கு வழி கிடையாது. உருண்டையே வேறு நீர் விடும். மூடியையும் சும்மா சும்மா திறக்காதீர்கள், ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது, முப்பது நிமிடம் ஆகிவிடும். எங்கள் வீட்டில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூடியையே பார்த்துக்கொண்டிருப்பது மாமியார்தான். "வாசனை வருது, வெந்திருக்கும்" என்று எழுந்திருப்பார், நான் இருமுவேன், உட்கார்ந்துவிடுவார்.

சிவக்க வறுத்த உருண்டை என்றால் 'ஹை'யில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், 'லோ'வில் நாலிலிருந்து ஆறு. இரண்டிலும் கடைசியில் எட்டுகிற சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான், எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பதில்தான் வேறுபாடு. கைமா உருண்டையின் நடுவே 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. பிரிட்ஜிலிருந்து கல்லாக எடுத்த பச்சைக் கைமாவைக் குக்கரில் போடாதீர்கள். அது உருகி மெல்ல மெல்லச் சூடேறும் நேரத்தில் கிருமிகள் கல்யாணமே நடத்தி முடித்துவிடும்.

அங்கிருந்து யாராவது குக்கரைப் பெட்டியில் போட்டு அனுப்பினால் முதலில் அடியில் என்ன வோல்ட் என்று பாருங்கள். அமெரிக்கச் சாமான் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230. பிளக்குக்கு அடாப்டர் மட்டும் மாட்டிச் சொருகினால் வோல்ட் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவுதானே என்று தோன்றும், சூடோ கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கித் திண்டாடுவதைவிட இங்கே விற்கிற குக்கரை வாங்கிக்கொள்வது மேல்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. 200 வாட் குக்கர் ஐந்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வருகிற ஊரில் இது ஒரு செலவா? உண்மையான எதிரி கரண்ட் கட். எண்ணூர்ப் பக்கம் நம் தலைமேலேயே அனல்மின் நிலையம் புகைவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரன் என்று நமக்குத் தனியாக ஒரு லைன் இழுத்துத் தரப்போவதில்லை. வேகும் நடுவில் போனால் குக்கரை நம்பிக் காத்திருக்காமல் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவிட்டுவிடுங்கள். நீங்கள் வெளியே போயிருந்தபோது போய், எவ்வளவு நேரம் போனது என்றே தெரியாவிட்டால், மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

சரி, சோம்பேறிச் சமையல்.

இந்தப் பாத்திரத்தின் கதை தெரியுமா? சிகாகோவில் இர்விங் நாக்சன் என்ற பொறியாளர் இதற்கான காப்புரிமையை 1940இல் வாங்கினார். அவருடைய குடும்பம் லித்துவேனியாவிலிருந்து போன யூதக் குடும்பம். அவர்கள் மதத்தின் ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், முந்தின சாயங்காலமே பருப்பும் கறியும் போட்ட பானையைத் தெருவில் இருக்கும் பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம், அடுப்பின் மிச்சச் சூட்டில் விடிய விடிய வேகும். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. 1970இல் ரைவல் கம்பெனி அவரிடமிருந்து வாங்கி, அடுத்த வருடம் க்ராக்பாட் என்று பெயர் வைத்து விற்றது. வாங்கிக் குவித்தவர்கள் வேலைக்குப் போன பெண்கள்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் மாவைக் கலந்து தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப்போய்ப் பேக்கரி அடுப்பில் கொடுத்து வாங்கிவந்த வீடுகள் நம் பக்கமும் உண்டு. அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை. தம் பிரியாணிக்கு மூடியின்மேல் நெருப்பைக் கொட்டிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போகும் மாஸ்டரையும் யாரும் சொன்னதில்லை, அவர் கைப்பக்குவம் தெரிந்தவர். அதே வேலையை ஒரு பெண் சுவிட்சைத் தட்டிவிட்டுச் செய்தால் மட்டும் சோம்பேறி. சமையலில் ருசி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, பொம்பளை எவ்வளவு நேரம் அடுப்படியில் நின்றாள் என்று பார்த்து மார்க் போடுகிறார்கள். இந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸைச் சொல்கிறேன். நள்ளிரவுப் பூசை முடிந்து ஒரு கூட்டம் வரும். காலையில் கேக் தட்டோடு தெருக்காரர்கள். பதினொரு மணிக்கு ராயபுரத்திலிருந்து பெரியம்மா வீட்டார். ஷிப்ட் முடிந்து சாயங்காலம்தான் மச்சான் வருவார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் "இருங்க, சுட வைக்கிறேன்" என்று அடுப்படிக்கு ஓடி ஓடியே என் மாமியார் பல கிறிஸ்துமஸ்களைக் கழித்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்றிலும் அவர் இல்லை, அந்த நேரத்தில் உள்ளே கரண்டியோடு நின்றிருப்பார். குக்கரை 'வார்ம்'இல் வைத்தால் உருண்டை மூன்று, நாலு மணி நேரம் சூடாகவே இருக்கும். தட்டும் கரண்டியும் பக்கத்தில் இருக்கும், வருகிறவர்கள் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் ஒரு ஈடு, மத்தியானம் ஒரு ஈடு. போன வருடப் போட்டோவில் அத்தை பட்டுப்புடவையோடு நடுவில் உட்கார்ந்திருக்கிறார், கையில் உருண்டை குத்திய பல்குச்சி.

சோற்றோடு போட்டுக்கொள்ளாதீர்கள், எடுபடாது. பேக்கரி பன்னை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி வாட்டி, மூன்று உருண்டையை உள்ளே நசுக்கி, மேலே வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயம் வைத்துச் சாப்பிடுங்கள். கல்யாண வீட்டு சாப்பாட்டுக்கு இது ஈடாகுமா என்றால் ஆகாது. வருவோர் போவோருக்குக் கொடுக்க இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வருடம் உருண்டை பிடிக்கும் வேலையை மச்சானும் கொழுந்தனாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். விடியற்காலையில் கறிக்கடை வரிசையில் யார் நிற்பது என்பதில்தான் இன்னும் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.