மைக் செட் காது

ஞாயிற்றுக்கிழமை பாண்டி முத்தியால்பேட்டை மாடியில் நடந்த கூத்தை அங்கே இருந்தவர்கள் பார்த்தீர்கள், இல்லாதவர்களுக்கும் இந்நேரம் சேதி வந்திருக்கும். யார் சொன்னது என்று எழுதப்போவதில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. பதிவு நீளமாகத்தான் இருக்கும்.

எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று ஒரு தம்பி கேட்டான். நான் சொன்னது ஒன்றே ஒன்று. ராக் கேட்க சென்ஹைசர் கம்பெனியின் 600-ஆ, 650-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே தம்பி, எது கைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்கு. இதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அப்புறம் அந்த வார்த்தை. அந்த வார்த்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் ஹெட்போன்.

600 வந்தது 1997-இல். 650 வந்தது 2003-இல். கூடு ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுக்கும் மின்தடை 300 ஓம், ஒன்றின் காதுப் பஞ்சு இன்னொன்றுக்குப் பொருந்தும். வித்தியாசம் இல்லை என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. 650-இல் பேஸ் பக்கம், அதாவது கனத்த சத்தத்தில், கொஞ்சம் சதை கூடுதல், கீச்சுச் சத்தத்தில் ஒரு சிட்டிகை குறைவு. 600-இல் கிட்டாரின் அறுப்பும் ஸ்நேர் டிரம் அடியும் ஓரடி முன்னால் வந்து நிற்கும். கிட்டார் முன்னால் வேண்டுமென்றால் 600, இரவு வெகுநேரம் கேட்கிற ஆள் என்றால் 650. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்துக்கு இறங்கும்போது இரண்டுக்குமே மூச்சு வாங்கும். முதுகைத் திறந்து வலை போட்ட ஹெட்போன்களில் பலவற்றின் சுபாவம் அது.

முதுகு திறந்திருந்தால் உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். கடலூரில் மே மாதம் ஃபேனை ஐந்தில் வைக்காமல் பாட்டு கேட்கிற மகான் யார்? என் அறையில் ஃபேன் ஐந்தில் ஓடினால் டிரம்ஸில் சிம்பல் தட்டை அடித்த பிறகு நீளுமே ஒரு வால், அது மொத்தமாகக் காற்றோடு போய்விடும். மூன்றுக்குக் குறைத்தால் திரும்பி வரும். 600-க்கும் 650-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட என் ஃபேனின் ஐந்துக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது, தெரியும்.

பாட்டைப் பதிவு செய்த லட்சணம் அதைவிடப் பெரிய வித்தியாசம். 2008-இல் வந்த மெட்டாலிக்கா குழுவின் ஆல்பத்தை, மெல்லிய சத்தமும் பெரிய சத்தமும் ஒரே மட்டமாக அளவுக்கு மீறி அமுக்கி, ஒலியலையின் உச்சியெல்லாம் வெட்டி வெளியிட்டார்கள் என்று அவர்களுடைய ரசிகர்களே கத்தினார்கள். அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் அவ்வளவு அமுக்காமல் வந்தபோது அதைத்தான் தேடித்தேடிக் கேட்டார்கள். அந்த ஆல்பத்தைப் போட்டுவிட்டு 650-இல் டிரம்ஸ் விரிகிறது, 600-இல் சுருங்குகிறது என்று பேசுவது, ஊசிப்போன குழம்பை வெள்ளித் தட்டில் ஊற்றலாமா பித்தளைத் தட்டில் ஊற்றலாமா என்று பேசுவது மாதிரி.

"நீ ஒழுங்காக் கேட்டிருக்க மாட்ட" என்பார்கள். கேட்டேன் ஐயா. நண்பரிடம் 650 ஒரு வாரம் கடன் வாங்கி, இரண்டுக்கும் வால்யூமைச் சமமாக்கி (ஒன்று துளி கூடினாலே அதுதான் நல்லது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும்), கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு என் மனைவியை மாட்டிவிடச் சொன்னேன். எது எந்த ஹெட்போன் என்று பத்துத் தடவை சொன்னேன். ஆறு சரி. காசு சுண்டிப் போட்டாலே ஐந்து வரும். வெட்கமில்லாமல் இங்கே எழுதுகிறேன். மாடியில் இதையே செய்து பார்க்கலாம் என்று கூப்பிட்டபோது, "அதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு" என்று பதில் வந்தது. சரி, பெரியவர்.

"ஆம்ப்ளிஃபயர் சரியில்லை, அதான் தெரியல" என்று ஒரு குரல் வரும். 300 ஓமுக்குச் சில போன்கள் திணறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திணறினால் இரண்டும்தான் திணறும். இது 650-க்குச் சாதகமான வாதம் எப்படி ஆகும்? டிடி 990 ஏன் சொல்லவில்லை, சுந்தரா ஏன் சொல்லவில்லை என்று வேறு ஹெட்போன்களைக் கேட்பவர்களுக்கு: தம்பி அதைக் கேட்கவில்லை.

இப்போது அந்த வார்த்தை. "மைக் செட் காதுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது."

ஆமாம். என் அப்பா மஞ்சக்குப்பத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அம்மன் கோயில் எல்லாம் போவார். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு ஐம்பதடி தள்ளிப் போய் நிற்பார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டு, "வலது குழாய் இருமுது, இறக்கு" என்பார். இறக்கிப் பார்த்தால் உள்ளே அதிர்கிற டயஃப்ரம் ஓரத்தில் மயிரிழை கீறல் இருக்கும். அந்தக் காது எனக்கு வந்திருந்தால் பத்துக்குப் பத்து சொல்லியிருப்பேன்.

பாண்டியில் காலேஜ் படித்தபோது சண்டே மார்க்கெட் நடைபாதையில் எம்பி3 சிடி வாங்கித்தான் எனக்கு ராக் வந்தது. ஒரே சிடியில் பத்து ஆல்பம், பாதி தாண்டித் தாண்டி ஓடும். 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் குழு வாசித்தபோது அப்பாவிடம் கடன் வாங்கி பஸ் ஏறினேன். திரும்பி வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தினி பாக்ஸ்டா வச்சிருந்தான்?" எண்ணவில்லை என்றேன். ரொம்ப நாள் அந்தக் குறை அவருக்கு இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் ஷெட் கூரை போனது. குழாய் ஒன்று இரண்டு தெரு தள்ளிக் கிடைத்தது, உள்ளே சேறு. ஆம்ப்ளிஃபயரை வெயிலில் காயவைத்து, கரண்ட் எப்போது வரும் என்று எதிரே உட்கார்ந்திருந்தார். வந்தபிறகு போட்டுப் பார்த்தார், புகைந்தது. தொழில் அத்தோடு முடிந்தது.

அதனால் மைக் செட் காது என்பது எனக்குத் திட்டு மாதிரி கேட்கவில்லை. அப்படித்தான் மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டு எட்டுப் பேர் சிரித்தீர்களே, அதில் நான்கு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் வண்டி ஓட்டி வருகிறவன் பாண்டிக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து வாயை மூடிக் கேட்டுவிட்டுப் போகவேண்டும் போல. ராக் என்ன, பாண்டி ஒயிட் டவுனில் பிறந்தவனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததா?

எங்கேயோ போகிறேன். தெரிகிறது.

எனக்கு எரிச்சல் என்னைச் சொன்னதில்கூட இல்லை (கொஞ்சம் இருக்கிறது). அந்தத் தம்பி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறான். எட்டு மாதம் சேர்த்து, பழைய 600 ஒன்றை 16,000-க்குப் பேசி முடித்திருந்தான். மாடியில் நடந்த பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு அன்று ராத்திரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "650-க்கே சேத்துக்கறேன்ணே" என்கிறான். இன்னும் எத்தனை மாதம்? அதுவரை எதில் கேட்பான்? போனோடு வந்த இயர்போனில், அதிலும் இடது பக்கம் செத்துப்போனதில். இதைத்தான் நல்ல ரசனை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். விற்கிறவரிடம் நேற்று பேசினேன். சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்கமாட்டாராம். பஞ்சு தட்டையாகிவிட்டது, அதற்கு 500 குறைக்கச் சொல்லியிருக்கிறேன், சரி என்றார். நைட் ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வா, சேர்ந்தே போகலாம். ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.