சாம்பிள் டையில ஆர்டர் ஓட்டச் சொல்லாதீங்க

"ஏனுங்க, சாம்பிள்தான் அருமையா வந்திருக்கே, இதே டையில 10,000 பீஸ் போட்டுக் குடுத்துருங்களேன்."

சிலிகான் ரப்பரை டைங்கற உலோக அச்சுல வச்சு, வேகவச்சு மோல்டிங் பண்ற எங்களுக்கு இது பழகிப்போன பேச்சு. ஒரு தடவை நானும் தலையாட்டித் தொலைச்சேன்.

மிக்ஸி ஜார் மூடி ரிங். அலுமினியத்துல ஒத்தக் குழி டை, ஒரு தடவைக்கு ஒரு பீஸ்தான் வரும். டிசைன் பார்க்க அது போதும். சீக்கிரம் வெட்டிரலாம், ரிங்கோட விளிம்பு சரியில்லைன்னா மறுபடி மெஷின்ல ஏத்தலாம். ஆனா கணக்கைப் பாருங்க. 170 டிகிரியில வெந்து, கழட்டி, மறுபடி லோடு பண்ண 6 நிமிஷம். மணிக்கு 10, ஷிப்டுக்கு 80. 10,000 பீஸுக்கு 125 ஷிப்டு! 16 குழி ஸ்டீல் டையில 8 நிமிஷம்னு வச்சாலும் 11 ஷிப்டுல முடிஞ்சிரும்.

நேரம் போனாப் போகுது. அலுமினியம் ஸ்டீல் மாதிரி கெட்டி கிடையாதே. பீஸ் ஒட்டிக்கிட்டா ஆப்பரேட்டர் பித்தளைக் கம்பி விட்டு நெம்புவார். நெம்புற இடத்துல எல்லாம் டையோட ரெண்டு பாதியும் சேர்ற பார்ட்டிங் லைன்ல நகக்கீறல் மாதிரி ஒரு வடு. அதுக்குள்ள சிலிகான் புகுந்து பிசிறாகும். 600 பீஸ் தாண்டினப்ப, பிசிறு வெட்டுற அக்கா ஒரு ரிங்கைக் கையில குடுத்து, "தடவிப் பாரு தம்பி"ன்னாங்க. ரம்பப் பல்லு மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே பிரஸ்ஸை நிறுத்தினேன். ஸ்டீல் டை செலவுல பாதி என் தலையில.

இன்னொண்ணு, டிராயிங் போடுறவங்களே மறந்துடுறது. சூட்டுல அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். 500 மில்லிமீட்டர் நீளக் குழி 170 டிகிரிக்குப் போனா ரெண்டுக்கும் நடுவுல முக்கால் மில்லிக்கு மேல வித்தியாசம். அதே அளவை அப்படியே ஸ்டீல்ல வெட்டினா பீஸ் சின்னதா வரும். மூடி ரிங் இழுத்தா நீளும், மன்னிச்சுரும். போல்ட் ஓட்டையோட வர்ற பெரிய கேஸ்கட் மன்னிக்காது. பல குழி டையில ஓரக் குழிக்குச் சூடு பத்தாம பீஸ் அரைவேக்காடா வர்றதையும் ஒத்தக் குழி டை காட்டிக் குடுக்காது.

அதுக்காக சாம்பிளே வேண்டாம், நேரா ஸ்டீலுக்குப் போறேன்னு கிளம்புறதும் கிறுக்குத்தனம்தான். அளவு தப்பினா ஸ்டீல்ல இன்னும் கொஞ்சம் வெட்டி எடுக்கலாம். வெட்டினதைத் திரும்ப ஒட்டணும்னா வெல்டிங்தான்.

இப்பல்லாம் கொட்டேஷன்லயே எழுதிடறேன்: 'இந்த டையில் 200 பீஸ் மட்டும்.' போன வாரம் ஒரு பார்ட்டி அந்த ஒரு வரியை மட்டும் தூக்கிட்டு மறுபடி அனுப்பச் சொன்னார். அனுப்பலை.