மொய் நோட்டை கொஞ்சம் காட்டுங்க சார்

போன மாசம் அல்சூர்ல தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து, மொய் எழுத என்னை உக்கார வெச்சிட்டாங்க. நாங்க பெங்களூர் வந்து மூணு தலைமுறை ஆச்சு, இருந்தாலும் திருப்பத்தூர் பக்கத்துப் பழக்கம் விடல, பேரு, அப்பா பேரு, ஊரு, தொகை எல்லாம் வரிசையா எழுதணும், ஒண்ணு விட்டுப்போனாலும் அத்தை உண்டு இல்லைன்னு பண்ணிடும். நடுவுல ஒரு கவர் வந்துச்சு, மேல பேரே இல்ல, உள்ள ஆயிரத்து ஒண்ணு. "பேர் இல்லை"ன்னு எழுதிட்டு அடுத்த ஆளைப் பாத்தேன். ராத்திரி கணக்குப் பாக்கும்போது அத்தை அந்த கவரை எடுத்து மோந்து பாத்துச்சு. "மொளகாத்தூள் நெடி அடிக்குது பாரு, நம்ம மாவு மில்லுக்காரர்தான், எழுது"ன்னுச்சு.

சிரிக்காதீங்க, எனக்கு உடனே தேர்தல் பத்திரம்தான் ஞாபகம் வந்துச்சு.

2017 பட்ஜெட்ல அருண் ஜெட்லி அறிவிச்சு 2018 ஜனவரியில கொண்டுவந்த திட்டம் அது. ஸ்டேட் பேங்க்ல ஆயிரம் ரூபாய்ல இருந்து ஒரு கோடி வரைக்கும் பத்திரம் வாங்கி புடிச்ச கட்சிக்கு குடுக்கலாம், கட்சி 15 நாளைக்குள்ள அதை காசா மாத்திக்கணும், குடுத்தவர் பேரு அதுல இருக்காது. பேரு தெரிஞ்சா எதிர்க்கட்சி ஜெயிச்சு வந்து பழிவாங்கும்னு காரணம் சொன்னாங்க. அந்த பயம் நிஜம்தான், நான் இல்லைங்கல. ஆனா அந்தப் பத்திரத்துல கண்ணுக்குத் தெரியாத நம்பர் ஒண்ணு இருந்துச்சு, 2018லயே ஒரு பத்திரிகையாளர் சொந்தக் காசுல பத்திரம் வாங்கி லேப்ல குடுத்து, அல்ட்ரா வயலட் லைட்ல வெச்சா தெரியுதுன்னு எழுதினாங்க. வாங்கறவங்க கேஒய்சி பேங்க்ல இருக்கு, பேங்க் அரசாங்கத்தோடது. ஆக, கவரை மோந்து பாக்கற வசதி வீட்டுக்காரங்களுக்கு இருக்கு, பந்தில உக்காந்திருக்கற நமக்குத்தான் இல்ல.

2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதிகளும் சேர்ந்து இது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. வோட்டுப் போடறவனுக்கு தெரிஞ்சுக்கற உரிமை இருக்குன்னாங்க. கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 7.5 சதவீதத்துக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு முன்னாடி இருந்த வரம்பை 2017ல எடுத்திருந்தாங்க, அதுவும் தப்புன்னாங்க (நஷ்டத்துல ஓடற கம்பெனி எதுக்கு கட்சிக்கு காசு குடுக்குது, யோசிங்க). அப்புறம் நடந்ததுதான் காமெடி. யாரு வாங்கினாங்க, எந்தக் கட்சி மாத்துச்சுங்கற டேட்டாவை தேர்தல் கமிஷனுக்குக் குடுன்னு கோர்ட் சொல்லியிருந்துச்சு, அதுக்கு ஜூன் 30 வரைக்கும் டைம் வேணும்னு ஸ்டேட் பேங்க் கேட்டுச்சு, மார்ச் 11ல கோர்ட் முடியாதுன்னுச்சு, மார்ச் 12 சாயங்காலம் குடுத்துட்டாங்க!

லிஸ்ட் வந்ததும் பாத்தா முதல் இடத்துல நம்ம கோயம்புத்தூர் லாட்டரி மார்ட்டின் கம்பெனி, 1,368 கோடி. அதுல 509 கோடி திமுகவுக்கு, அதை திமுகவே தேர்தல் கமிஷனுக்கு எழுதிக் குடுத்திருந்துச்சு. மொத்தத்துல அதிகமா வாங்கினது பாஜக, ஆறாயிரம் கோடிக்கு மேல. காங்கிரஸ், திரிணாமூல் எல்லாரும்தான் வாங்கினாங்க, அதனால கமெண்ட்ல வந்து உங்க கட்சி எங்க கட்சின்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ். மார்க்சிஸ்ட் கட்சி வாங்க மாட்டோம்னு சொல்லி கேஸும் போட்டுச்சு, அதையும் சொல்லிடணும்.

இதை நன்கொடை நன்கொடைன்னு சொல்றதுலயே எனக்கு உடன்பாடில்ல. இது மொய். அத்தை அந்த நோட்டை புடவைக்கு அடியில பீரோல ஏன் வெச்சிருக்கு? நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு திருப்பி செய்யணும்ல. எங்க வீட்டு மொய்ய நாங்க எங்க காசுல திருப்பறோம், கட்சி வாங்கின மொய்ய திருப்பறது டெண்டர்ல, லைசென்ஸ்ல, நம்ம காசுல. அப்போ நோட்டை நாம பாக்கணுமா இல்லையா?

பத்திரம்தான் ஒழிஞ்சுபோச்சே, இன்னும் என்னன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். இருக்கு சார். ஒரு வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல குடுத்தாத்தான் கட்சி தேர்தல் கமிஷனுக்கு பேரு சொல்லணும். அதுக்குக் கீழ பேரே வேண்டாம், பேரே இல்லன்னா ஒரே ஆளு நூறு தடவை குடுத்தாரா நூறு பேரு குடுத்தாங்களான்னு யாரு பாக்கறது? எலெக்டோரல் டிரஸ்ட்னு ஒண்ணு இருக்கு, பல கம்பெனி காசு ஒரே உண்டியல்ல விழும், யாரு போட்டாங்கன்னு தெரியும், எந்தக் கட்சிக்கு போச்சுன்னும் தெரியும், யாரு காசு யாருக்குன்னு மட்டும் தெரியாது.

எல்லாத்தையும் விட மோசம் இந்த லேட்டு. இங்க கர்நாடகால 2023 மே 10 எலெக்ஷன். அதுக்கு ஏப்ரல்ல ஒரு கம்பெனி காசு குடுத்திருந்தா அது 2023-24 கணக்குல வரும், கட்சி அந்த ரிப்போர்ட்டை குடுக்க வேண்டியது 2024 தீபாவளி சமயத்துல. நான் சிவாஜிநகர் பூத்துல வரிசையில நின்னு மை வெச்சுட்டு வந்து ஒன்றரை வருஷம் கழிச்சு தெரிஞ்சு என்ன பண்றது, பூஜை போடறதா?

மாவு மில்லுக்காரர் ஐநூறு ஆயிரம் குடுத்தா அவர் பேரை ஊருக்கே சொல்ல வேணாம், அவருக்கு அந்த ஏரியாவுல கடை நடத்தணும், நாலு கட்சிக்காரனும் வருவான். ஆனா என்னைக் கேட்டா, லட்சம் தாண்டினா ஒரு வாரத்துக்குள்ள வெப்சைட்ல போடணும், எலெக்ஷன் நேரம்னா மறுநாளே. யுபிஐல பத்து ரூபாய் டீக்கு ஸ்பீக்கர் கத்துது, கோடிக்கணக்குல வந்தா கத்தாதா?

நேத்து அத்தை போன் பண்ணுச்சு. மில்லுக்காரர் பொண்ணுக்கு கேஆர் புரத்துல கல்யாணமாம், நோட்டைப் பாத்து சொல்றேன்னுச்சு, பாத்துட்டு சொன்னது ஆயிரத்து ஐநூத்து ஒண்ணு. கவர் மேல பேரை பெருசா எழுதச் சொல்லிருக்கு.