அந்தத் துண்டைப் பகிராதேங்கோ

"கண் சிமிட்டாமல் பாக்கேலுமோ?" எண்டு போட்டு, நேற்று முழுக்க எங்கட யாழ்ப்பாணப் பெடியள் பகிர்ந்த அந்தப் போக்கிமோன் எண்ட ஜப்பான் காட்டூனின்ர வீடியோத் துண்டைப் பற்றித்தான் கதைக்கிறன். ஆர் துவக்கினது எண்டு உங்களுக்குத் தெரியும், பேர் வேண்டாம். பகிர்ந்த ஆக்கள் தயவுசெய்து அழியுங்கோ.

1997 டிசம்பர் 16, ரிவி டோக்கியோவில பின்னேரம் 6.30க்குப் போன 38ஆவது அத்தியாயம் அது. கதையில, பொரிகோன் எண்ட போக்கிமோனோட கணினிக்குள்ள போனவையை வைரஸ் எண்டு நினைச்சு ஏவுகணை விடுவினம். பிக்காச்சு எண்ட மற்றப் போக்கிமோன் மின்னல் அடிச்சு அதுகளை வெடிக்க வைக்கும். அந்த வெடிப்புக்குச் சிவப்பும் நீலமும் மாறி மாறி, செக்கனுக்கு 12 தரம் அளவில மின்னினது. சில செக்கன்தான். அதைப் பாத்து வலிப்பு, தலையிடி, சத்தி எண்டு 685 பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை, பெரும்பாலும் பிள்ளையள். பிறகு செய்தியில அதே காட்சியைத் திருப்பிக் காட்ட, அதைப் பாத்தும் பிள்ளையளுக்கு ஏலாமல் வந்தது. நேற்று எங்கட ஆக்கள் செய்ததும் அதேதான்.

"ஃபோன் திரை சின்னதுதானே" எண்டு சொல்லுவியள். திரை சின்னனெண்டால் ஆபத்துக் குறைவு, சரி. ஆனா பிள்ளையள் இருட்டுக்குள்ள படுத்து, வெளிச்சத்தை முழுசாக் கூட்டி, மூக்குக்கு நேர பிடிச்செல்லோ பாக்குதுகள். கிட்டப் பிடிச்சால் சின்னத் திரையும் கண்ணை நிறைக்கும். அதில "சிமிட்டாதே" எண்டு வேற!

"எல்லாம் பயத்தில வந்தது, வலிப்பில்லை" எண்டு ஒராள் எழுதியிருந்தார். தலையிடி, சத்தி எண்டு போனவையும் இருந்தவை, சிலருக்குப் பயமும் சேர்ந்திருக்கலாம். அதுக்காக வலிப்பு வந்த பிள்ளையள் பொய்யோ?

"எங்களுக்கு ஒண்டும் வரேல்லை." கிட்டத்தட்ட 4000 பேரில ஒராளுக்குத்தான் இந்த ஒளி வலிப்பு, அதாவது மின்னுற வெளிச்சத்தால வாற வலிப்பு. அண்டைக்கு வலிப்பு வந்த கனபேருக்கு அதுக்கு முதல் வந்ததே இல்லை. உங்கட பிள்ளைக்கு இருக்கோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

கலியாண வீடியோ வெட்டுற தம்பியளும் கேளுங்கோ. செக்கனுக்கு 3 தரத்துக்கு மேல மின்ன விடக்கூடாது. செக்கனுக்கு 25 ஃபிரேமில வேலை செய்தால் ஒரு மின்னலுக்கும் அடுத்ததுக்கும் 9 ஃபிரேமாவது விடுங்கோ. கடுஞ்சிவப்பில மின்ன விடவே வேண்டாம்.

எனக்கு ஆத்தாத கவலை வேற. மின்னல் அடிச்சது பிக்காச்சு, பழி பொரிகோனுக்கு. அதுக்குப் பிறகு தொடரில பொரிகோனுக்கெண்டு ஒரு கதையும் இல்லை. இஞ்சையும் வலிப்பு வந்த பிள்ளையைத்தானே ஒளிக்கிறம்? சம்பந்தம் குழம்பும் எண்டு மருந்தைக்கூட மறைச்சுக் குடுக்கினம். "பேய் பிடிச்சிட்டுது" எண்டு நேற்றும் அந்தத் துண்டுக்குக் கீழ சிரிச்சு எழுதியிருக்கிறியள். அந்தப் பிள்ளையளும் முகநூலில இருக்குதுகள், வாசிக்குதுகள்.

திரை மின்னினால் ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசாப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பச் சொல்லுங்கோ. இமையை மூடினால் மட்டும் காணாது, சிவப்பு இமைக்குள்ளாலயும் போகும்.

வலிப்பு வந்தால் இரும்புத் திறப்பைக் கையில திணிக்காதேங்கோ, வாய்க்குள்ள கரண்டி வைக்காதேங்கோ, தண்ணி பருக்காதேங்கோ. அமத்திப் பிடிக்கவும் வேண்டாம். தலைக்குக் கீழ மெத்தெண்ட துணி வைச்சு, இடிபடுற சாமானுகளைத் தள்ளி, நேரத்தைப் பாருங்கோ. உதறல் நிண்டதும் பக்கவாட்டில சரிச்சு விடுங்கோ. 5 நிமிசம் தாண்டினாலோ, முதல்தரம் வந்தாலோ, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு உடன அடியுங்கோ.