முதலில் காற்றை இறக்குங்கள்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில், அல் பதாயர் பக்கம், தார் முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலும் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயர் வால்வைப் பிடித்திருக்கிறார். நாற்பத்தெட்டு டயர்களிலிருந்து ஸ்ஸ்ஸென்று காற்று இறங்குகிறது. டயர் காற்றழுத்தம் 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15-க்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் பேச்செல்லாம். யார் புது ஷாக் அப்சார்பர் போட்டார், யார் வீட்டில் விசேஷம், யார் ஊருக்குப் போய் வந்தார், எல்லாம் அந்தச் சத்தத்துக்கு நடுவில். பதினான்கு வருட ஷார்ஜா வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த சத்தம் இதுதான்.

இதை எழுத வைத்தது போன பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவம். அதைச் சொல்வதற்கு முன் புது வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், எனக்கு அவற்றின் மேல் அவ்வளவு ஆசை.

2024 செப்டம்பரில் நிசான் தனது பெரிய மணல் வண்டியான பேட்ரோலின் புதிய மாடலை அபுதாபியில் வைத்துத்தான் உலகத்துக்குக் காட்டியது. முந்தைய பேட்ரோலும் 2010-ல் அபுதாபியில்தான் அறிமுகமானது. இந்த வண்டி யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். புதியதில் மேல்ரக மாடலுக்கு எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் போய் 3.5 லிட்டர் ட்வின் டர்போ வி6 வந்தது, 425 குதிரைத்திறன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் சண்டை. 2021-ல் லேண்ட் க்ரூஸர் 300 வந்தபோதும் இதே சண்டைதான் நடந்தது, வி8 இல்லாத க்ரூஸர் ஒரு க்ரூஸரா என்று. அப்போது அதிகம் கத்தியவர் இன்று அதைத்தான் ஓட்டுகிறார், சந்தோஷமாக ஓட்டுகிறார். டர்போ எஞ்சின் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே இழுவை தருவது மென்மணலில் எவ்வளவு உதவி என்பது ஓட்டினால்தான் தெரியும். சீனத்து டேங்க் 300 ஒன்றில் முழு நாளும் உட்கார்ந்து போனேன். இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் முன்னும் பின்னும், நாலு சக்கரத்துக்கும் மெதுவான வேகத்தில் அதிக இழுவை தரும் ஃபோர்-லோ கியர், எல்லாம் இருக்கிறது. அந்த விலைக்கு அது நியாயமான வண்டி. ஆனால் பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிற எல்லா வண்டியும் மணல் வண்டி இல்லை. ஃபோர்-லோ உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சிலர் சொல்வார்கள், இவ்வளவு காசு போட்டு வாங்கிய வண்டியைப் புழுதியில் ஓட்டிக் கெடுப்பானேன் என்று. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த வண்டி இதற்காகவே பிறந்தது. பேரங்காடி வாசலிலும் பள்ளிக்கூட வரிசையிலும் மட்டும் நிற்கிற பேட்ரோலைப் பார்த்தால் கட்டுத்தறியில் நிற்கிற ஜல்லிக்கட்டுக் காளையைப் பார்ப்பதுபோல் மனசு அடித்துக்கொள்ளும். கொண்டு வாருங்கள், மணலுக்குக் கொண்டு வாருங்கள்.

சரி, அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன்.

ஷார்ஜாவின் மெலீஹாவில் ஃபாசில் ராக் என்று ஒரு பாறை மலை உண்டு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அது கடலடியில் கிடந்தது. இன்றைக்கும் கல்லில் சிப்பிகளைப் பார்க்கலாம். அதைச் சுற்றிலும் சிவப்பு மணல்மேடுகள். நாங்கள் எட்டு வண்டிகள் அங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணி இருக்கும். முன்னால் போன லீட் ரேடியோவில், “வலதுபக்கம் மேட்டு மேல ஒரு சிவப்புத் துணி தெரியுது, யாராவது பாருங்க” என்றார். அவர் திருச்சூர்க்காரர், இருபது வருடம் தமிழர்களோடு ஓட்டித் தமிழ் பழகியவர். நாங்கள் அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம்.

துணி இல்லை, துப்பட்டா. ஒரு பெண் மேட்டு உச்சியில் நின்று அதை ஆட்டிக்கொண்டிருந்தார். கீழே கிண்ணம் மாதிரி குழிந்த பள்ளத்தில் வாங்கி மூன்று மாதமே ஆன வண்டி ஒன்று வயிறு மணலில் தட்ட உட்கார்ந்திருந்தது. எந்த வண்டி என்பது முக்கியமில்லை, நல்ல வண்டி. பக்கத்தில் முப்பது வயதுத் தம்பி ஒருவர், சட்டை முழுக்க வியர்வை. வண்டி நிழலில் நாலு வயதுப் பெண்குழந்தை தன் ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டுவதும் திரும்ப நிரப்புவதுமாக இருந்தது. அந்தத் தம்பி என்னிடம் வண்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “அண்ணே, தண்ணி இருக்கா?” என்றுதான் கேட்டார். குழந்தைக்காக எடுத்து வந்த அரை லிட்டர் பாட்டிலில் கால்வாசிகூட இல்லை. எட்டரை மணியிலிருந்து அங்கே இருந்திருக்கிறார்கள். பள்ளத்துக்குள் போன் சிக்னல் கிடையாது.

எங்களில் கடைசியாக வருகிறவர், ஸ்வீப் என்போம், டயரில் காற்று அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார். 36. நான்கு டயரிலும் 36.

12-க்கு இறக்கினோம். சக்கரத்துக்குப் பின்னாலும் வயிற்றுக்குக் கீழும் மணலை அள்ளினோம். சக்கரம் வழுக்கினால் தானாக வேகத்தை அடக்கும் ஈ.எஸ்.பி.யின் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து முழுசாக அணைத்தோம். லேசாகத் தட்டினால் பல வண்டிகளில் அது பாதிதான் அணையும். பிறகு அந்தத் தம்பியையே ஏறி உட்காரச் சொல்லி, “மெதுவா ரிவர்ஸ் போடுங்க, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க, தொடுங்க போதும்” என்றார் சேட்டன். வண்டி ஒரு முனகலோடு பின்னால் நகர்ந்து, தான் வந்த தடத்திலேயே ஏறி வெளியே வந்தது. கயிறு கட்டவே இல்லை. அதே வண்டி, அதே டிரைவர், அதே மணல். மாறியது டயரில் இருந்த காற்று மட்டும்தான். அந்தத் தம்பி ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

நான் சொல்ல வந்தது இதுதான். நான் கற்றுக்கொண்டது பழைய பஜேரோ ஒன்றில். முதல் மென்மணல் மேட்டிலேயே அது முடியாது என்று சொல்லிவிடும், பின்னால் உருண்டு வந்து நிற்கும், தார்ச்சாலை கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே என் தப்பு எனக்குத் தெரிந்துவிடும். புது வண்டி அப்படி இல்லை. நானூறு குதிரைத்திறனும் சாண்ட் மோடும் சேர்ந்து 36 பி.எஸ்.ஐ.யிலேயே உங்களை மூன்று கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோகும். அதற்கப்புறம்தான் நிற்கும். வண்டி எவ்வளவு நல்லதோ, அவ்வளவு தூரம் உள்ளே போய் மாட்டுவீர்கள். திரையில் சாண்ட் என்று எழுதியிருப்பதைத் தொட்டால் எஞ்சினும் கியரும் தாம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிக்கொள்ளும், டயரில் காற்றைக் குறைக்காது. அதை நீங்கள்தான் இறங்கிக் குந்தி உட்கார்ந்து செய்ய வேண்டும்.

காற்று குறைந்தால் என்ன ஆகிறது? டயர் அகலமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீளமாகிறது. தரையில் படுகிற இடம் பீரங்கி வண்டியின் பட்டை மாதிரி முன்னும் பின்னும் நீள்கிறது. இரண்டரை டன் எடை அந்த நீளத்தில் பரவுவதால் மணலைத் தோண்டாமல் மேலேயே மிதந்து போகிறது. ஒட்டகத்தின் பாதம் விரிந்து பதிவதும் இதே கணக்குதான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காற்று குறைந்த டயரில் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும். 20, 22 அங்குல ரிம்மோடு வரும் மேல்ரக மாடல்களில் டயரின் பக்கச் சுவரே குட்டையாக இருப்பதால் காற்றை இறக்கவும் அதிகம் இடமில்லை. மணல்தான் ஆசை என்றால் 17, 18 அங்குல ரிம் உள்ள மாடலை வாங்குங்கள். பார்க்க அழகு குறைவுதான், பரவாயில்லை.

அப்புறம் மணலைப் படிக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடிக்கும். காற்று படுகிற பக்கத்தில் மணல் இறுகி, சரிவு மெதுவாக ஏறும். மறுபக்கம் செங்குத்து, பொலபொலவென்று இருக்கும். உச்சியில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு. அதில் ஏறும்போது கடைசி நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கத் தெரியாதவர் மறுபக்கம் பறந்துதான் விழுவார். இறங்கும்போது நேராக இறங்க வேண்டும். வண்டி பக்கவாட்டில் திரும்பினால் பயந்து பிரேக் பிடிக்கக் கூடாது, சரிவை நோக்கியே ஸ்டியரிங்கைத் திருப்பி லேசாக வேகம் கொடுக்க வேண்டும். கையும் காலும் தானாகச் செய்கிற வரைக்கும் பழக வேண்டிய விஷயம் இது. காலையிலும் சாயங்காலத்திலும் நிழல் விழுந்து மேடு பள்ளம் தெரியும். உச்சிவெயிலில் நிழலே இல்லாமல் எல்லாம் ஒரே சமதளமாகத் தெரியும். ஆளை விழுங்கும் பள்ளம்கூடத் தட்டையாகத்தான் தெரியும். அதனால்தான் நாங்கள் பதினொன்றுக்குள் திரும்பப் பார்க்கிறோம்.

எனக்கு உடன்குடிப் பக்கம். சின்ன வயதில் குதிரைமொழித் தேரியில் செருப்பில்லாமல் ஓடியவன். இரும்புச் சத்தால் சிவந்த மணல், காற்றடிக்க அடிக்க இடம் மாறும் மேடு. முதல் தடவை பதாயர் மணலைக் கையில் அள்ளியபோது ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அந்த ஞாபகத்தில்தான் நான் இதற்குள் வந்தேன். ஆனால் தேரியில் நடந்த பழக்கம் வண்டி ஓட்ட ஒரு பைசாவுக்கு உதவவில்லை. கான்வாயின் வால்பக்கத்தில், ஸ்வீப்புக்கு முன்னால் புதியவர்களை விடும் இடத்தில், எட்டு மாதம் ஓட்டினேன். முன்னால் போகிறவர் தடத்தைப் பார், அவர் எங்கே வேகம் எடுக்கிறார், எங்கே விடுகிறார் என்று பார். அவ்வளவுதான் பாடம், ஆனால் அதை உட்கார்ந்து படிக்க முடியாது.

ருப் அல் காலி, அந்த மாபெரும் வெற்று மணல்வெளி, ஏறத்தாழ ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டர். 1930-31-ல் ஆங்கிலேயப் பயணி பெர்ட்ரம் தாமஸ் அதைக் கடந்தார், 1940-களின் பின்பாதியில் வில்ஃப்ரெட் தெசிகர் இரண்டு முறை கடந்தார். இரண்டு பேரும் தனியாகப் போகவில்லை. பாலைவன நாடோடிகளான பெது மக்கள் வழி காட்டினார்கள், எந்த மேட்டை எந்தப் பக்கம் ஒட்டகம் ஏறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் ஜி.பி.எஸ். இருக்கிறது, எங்கே நிற்கிறோம் என்று அது சொல்லும். முன்னால் இருக்கும் மணல் உங்களைத் தாங்குமா என்று பக்கத்தில் இருக்கும் மனிதர்தான் சொல்வார்.

கயிறு பற்றி ஒரு வார்த்தை, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மாட்டிய வண்டியை இழுக்க டிரெய்லர் மாட்டும் அந்த உருண்டைக் கொக்கியில் தயவுசெய்து கயிறு கட்டாதீர்கள். அது உடைந்து பறந்தால் பீரங்கிக் குண்டு. உலகத்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டிச் சட்டத்தோடு சேர்ந்த ரெக்கவரி பாயிண்ட் எது என்று கையேட்டில் பார்த்து, வண்டி வாங்கிய அன்றே கைவைத்துத் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னதால் பயந்துவிடாதீர்கள். இதில் இருக்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! டிசம்பரில் அபுதாபியின் தெற்கே லிவா போய்ப் பாருங்கள். மொரீப் மேடு சுமார் 300 மீட்டர் உயரம். குளிர்காலத் திருவிழாவில் இந்நாட்டுப் பையன்கள் எஞ்சினை மாற்றிக் கட்டிய பேட்ரோல்களில் அதன் உச்சிக்குப் பாய்வதை அடிவாரத்தில் உட்கார்ந்து பார்த்தால் நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் அதிரும். ராத்திரி தள்ளிப் போய்க் கூடாரம் போட்டால் குளிர் எலும்பில் ஏறும், நட்சத்திரம் தலைக்கு மேல் கொட்டிக் கிடக்கும். காலையில் ஒருவர் சுலைமானி (பால் விடாத டீ) போடுவார், ஒருவர் பராட்டா எடுப்பார், என் மனைவி மிளகாய்ப்பொடி தடவிய இட்லி டப்பாவைத் திறப்பார். பெஷாவர்க்காரர் ஒருவர் அதை ஏழு சாப்பிட்டுவிட்டு, அடுத்த டிரைவ் என்றைக்கு, இட்லி வருமா என்று கேட்டார். ஃபிளாட்டுக்குள்ளேயே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் மேட்டிலிருந்து உருண்டு உருண்டு இறங்குவதைப் பார்க்கவே நான் வருவேன்.

அங்கே வழியில் காஃப் மரங்கள் நிற்கும், அமீரகத்தின் தேசிய மரம். அது வேறொன்றுமில்லை, நம் வன்னி மரம். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிற அதே வன்னி. அதன் கன்றுகள் மணலில் அரையடி உயரத்தில்தான் இருக்கும், டயர் ஏறினால் முடிந்தது. பசுமை தெரிந்தால் சுற்றிப் போங்கள், பத்து வினாடிகூட ஆகாது. கிளையை ஒடித்து நெருப்புப் போடாதீர்கள், விறகைக் கடையில் வாங்கி வாருங்கள். பிளாஸ்டிக் பை ஒன்றைக்கூட விட்டு வராதீர்கள். துபாய் கால்நடை ஆய்வகத்தினர் 2008 முதல் பரிசோதித்த, இறந்துபோன சுமார் 30,000 ஒட்டகங்களில் 300 ஒட்டகங்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டி கட்டியாக இருந்தது. சாப்பாடு நிரம்பிவிட்டதாக நினைத்து அவை பட்டினியாகச் செத்திருக்கின்றன. நாம் தின்றுவிட்டுப் போட்ட சிப்ஸ் பை அது. எங்கள் கான்வாயில் குப்பைப் பை இல்லாத வண்டியைச் சேட்டன் கிளம்ப விடமாட்டார், அதில் நான் முழுசாக அவர் கட்சி.

வண்டி விற்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தனை லட்சம் கொடுத்து வாங்குகிறவர் கையில் சாவியோடு ஒரு டயர் கேஜையும் கொடுங்கள். அரை நாள் மணலில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். காற்றைக் குறைத்ததும் டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

புது வண்டி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், வெயில் ஏறுவதற்கு முன், இந்த சீசனிலேயே வாருங்கள். அனுபவசாலிகளின் குழுக்கள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. டேங்க் நிறைய பெட்ரோல், ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு கேஜ், ஒரு கம்ப்ரெஸர், ஒரு மண்வெட்டி, பின்னால் வருகிறவருக்குத் தெரிய உயரமான கம்பத்தில் ஒரு ஆரஞ்சுக் கொடி. குழந்தைகளையும் கூட்டி வாருங்கள், ஆனால் முதல் நாலு டிரைவுக்கு அப்புறம். அந்தத் தம்பி இப்போது ஆறாவது டிரைவில் இருக்கிறார். போன வாரம் பாப்பாவும் வந்திருந்தாள். அப்பா கேஜைப் பிடிக்க, அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முள் இறங்குவதைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பதினேழு, பதினாறு.