லாரி பிரவுன்: ஐவர்சனை இடம் மாற்றியதுதான் பெரிய வேலை
அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் லாரி பிரவுன் பற்றிய கட்டுரை, அவர் அணி மாறிக்கொண்டே இருந்தார் என்பதோடு நின்றுவிட்டது. பிலடெல்ஃபியாவில் அவர் செய்ததைப் பாருங்கள். பாயின்ட் கார்டாக (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்த ஆறடி ஆலன் ஐவர்சனை ஷூட்டிங் கார்டாக்கினார் (கூடையில் எறிந்து புள்ளி எடுப்பவர்). பந்தைக் கொண்டுவருவது எரிக் ஸ்நோ. ஐவர்சன் ஸ்கிரீன்களை (சக வீரர்கள் எதிரணியை மறித்து நிற்பது) சுற்றி ஓடிவந்து பந்தை வாங்கிக் கூடையில் எறிவார். தடுப்பாட்டத்தில் எதிரணியின் உயரமான கார்டை ஸ்நோ பார்த்துக்கொள்வார். இது இல்லாமல் பிலடெல்ஃபியாவுக்கு 2001 என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) இறுதிச்சுற்று கிடையாது! பின்னர் பயிற்சி தந்த நியூயார்க்கிலோ பந்தை விடாத இரண்டு கார்டுகள், மார்பரியும் ஃபிரான்சிஸும். ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து வீரர்களையும் பிரவுன் ஓயாமல் மாற்றினார். யாருக்கும் தன் பொறுப்பு பிடிபடவில்லை. அந்த 2005-06 பருவத்தில் 23 வெற்றி, 59 தோல்வி. அதில் அவர் தவறும் உண்டு. ஆனாலும் கல்லூரிப் பட்டம் (கான்சஸ், 1988), என்பிஏ பட்டம் (டெட்ராய்ட், 2004) இரண்டும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர்தான். கட்டுரையில் அது ஒரு வரியாவது வந்திருக்க வேண்டும்.