மூன்று நிமிடத்தில் அப்ரூவ் போட்ட மகானுக்கு மட்டும் ஏன் பேர் இல்லை?

தைப்பூசத்துக்கு முதல் நாள், புதிதாக வேலைக்கு வந்த ஒரு தங்கச்சி எழுதிய கோடை ஏற்றி, பணம் கட்டும் பக்கம் படுத்துவிட்ட கூத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் குழுவில் இருக்கிற எல்லாரும் அதைப் பற்றி ஒருவர் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தாயிற்று, பாதிப் பேர் சிரிப்பு வேறு போட்டாயிற்று. "இன்றைய ஃப்ரெஷ் கிராஜுவேட் லட்சணம்" என்று மேலே ஒரு வரி, கீழே அந்தத் தங்கச்சியின் பேர் பளிச்சென்று. சரி சார், அதே படத்தில் இன்னொன்றும் இருந்ததே? அவள் மாற்றியது 41 ஃபைல். ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல, வந்தது 4.50. அப்ரூவ் ஆனது 4.53. அப்ரூவ் போட்டவர் பேரை மட்டும் பக்குவமாக வெட்டிவிட்டுப் படத்தைப் போட்டவர், நேரத்தை வெட்ட மறந்துவிட்டார் பாவம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ரிவ்யூ என்றால் உட்கார்ந்து படிக்க வேண்டும். படிக்காமல் அப்ரூவ் போட்டால் அந்தக் கோட் உங்களுடையதும்தான், உடைந்தால் பழியும் உங்களுடையதுதான்.

அவள் செய்தது என்ன? டேட்டாபேஸில் பேமெண்ட் விவரம் இருக்கிற டேபிளில் ஒரு ஃபீல்டின் (பத்தியின்) பேரை மாற்றினாள். ஓடிக்கொண்டிருக்கிற பழைய கோட் பழைய பேரையே தேடும், கிடைக்காது, பணம் கட்டும் பக்கம் படுத்துவிடும். முதலில் புது ஃபீல்டைச் சேர்த்து, கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதவிட்டு, பழைய தரவை அதில் நிரப்பி, அப்புறம் கோடை மாற்றி, பழையதை யாரும் தொடவில்லை என்று உறுதியான பிறகுதான் அதைத் தூக்க வேண்டும். இதை யூனிவர்சிட்டியில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு சீனியர் சொல்லித்தான் தெரியும். சொல்வதற்கென்றே ரிவ்யூ என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

41 ஃபைலை ஒரே மூட்டையாக அனுப்பியது அவள் தப்புதானே என்பீர்கள். ஆமாம், தப்புதான். "பிரித்து அனுப்பும்மா" என்று திருப்பி அனுப்ப அரை நிமிடம் போதுமே.

"எங்களுக்கு எங்கே நேரம்?" மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஜூனியர்களைத் திட்ட நேரம் இருக்கிறது.

"எங்களிடம் டெஸ்ட் இருக்கிறது, எல்லாம் பச்சை." கோடைத் தானாகச் சோதிக்கிற டெஸ்ட் எல்லாம் பாஸாம், அதனால் படிக்க வேண்டாமாம். இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஒரு தம்பி பில் போடும் கோட் எழுதினான். 2008 ஏப்ரலிலிருந்து இங்கே மலேசியாவில் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு ரவுண்ட் செய்கிறோம் இல்லையா, அதை எழுதியிருந்தான். 12.43 என்றால் 12.45. கணக்கு சரி, டெஸ்ட் முழுக்கப் பச்சை. ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தவள், "தம்பி, இது கார்டில் கட்டுகிறவர்களுக்கும் ஓடுதே?" என்று கேட்டேன். அந்த ரவுண்டிங் ரொக்கத்துக்கு, கார்டுக்கு இல்லை. டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? டெஸ்டை எழுதியதும் அதே தம்பி, அதே தப்பான புரிதலோடு. அதை இன்னொருவர் கண்தான் பிடிக்கும், அந்தக் கண் படித்திருந்தால். தம்பி என்னோடு சில நாள் பேசவில்லை என்பது வேறு கதை.

(ஏ.ஐ. ரிவ்யூ செய்யுமே என்று கேட்க வருகிறவர்களுக்கு: செய்யட்டும். அப்ரூவ் பட்டனில் உங்கள் பேர் இருக்கிற வரைக்கும் நீங்களும் படியுங்கள்.)

2017 ஜனவரி 31 அன்று, கோட் வைக்கும் தளம் நடத்துகிற கிட்லேப் கம்பெனியில் ஒரு எஞ்சினியர் தப்பான சர்வரில் டேட்டாபேஸையே அழித்தார், சுமார் 300 ஜிபி. ஐந்து வகை பேக்அப் ஏற்பாடு இருந்தும் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? மீட்கும் வேலையை யூடியூபில் லைவாகவே காட்டினார்கள், அப்புறம் முழு அறிக்கை வெளியிட்டார்கள், அதில் அந்த ஆளின் பேரைப் போடவில்லை. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு வேலைக்காக அதே ஆள் எடுத்து வைத்திருந்த காப்பி. அன்றைக்கே அவர் பேரைப் போட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றியிருந்தால் அவர் அங்கே உட்கார்ந்து மீட்டிருப்பாரா?

நம் ஊரில்? "போனை ஏன் எடுக்கவில்லை" என்று அந்தத் தங்கச்சியிடம் கேள்வி. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தலையில் பால்குடத்தோடு படியேறுகிற பிள்ளை எந்தக் கையால் போனை எடுப்பாள்? முறையாக அப்ரூவ் ஆன லீவு அது. அதையாவது படித்துவிட்டு அப்ரூவ் போட்டீர்களா, இல்லை அதுவும் மூன்று நிமிடமா? பாதி டீம் பினாங்குப் பாலத்து ஜேமில் நிற்கிற நேரத்தில், "நாளைக்கு லீவு, இன்றைக்கே ஏற்றிவிடு" என்று சொன்னதும் அவள் இல்லை.

நான் அவளுக்காகப் பேசியதற்கு, "பொம்பளைக்குப் பொம்பளை சப்போர்ட்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இத்தனை வருஷம் உங்கள் பையன்களின் கோடையெல்லாம் வரிவரியாகப் படித்துக் கொடுத்தேனே, அப்போது நான் என்ன சப்போர்ட்? நன்றி கேட்கவில்லை. ஆனால் வலிக்கிறது அண்ணே.

இன்பாக்ஸில் வந்து "அக்கா, பெரிய இடம், போஸ்ட்டை எடுத்திருங்க" என்று சொன்னவர்களுக்கு: எடுக்க மாட்டேன். முதலில் அந்தப் பிள்ளையின் பேர் போட்ட படத்தை எடுங்கள்.